புதுக் கணினியின் முதற் கேள்வி

இலங்கையின் மேற்குக் கரையிலே, தெற்கே மகா ஓயாவின் முகத்துவாரத்துக்கும் வடக்கே வில்பத்துக் காட்டுக்கும் இடையே நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்துக் கடலோரம். கற்பிட்டிக் குடாநாடும், அதன் மடியிற் கிடக்கும் புத்தளக் களப்பும், உப்பளங்களும், தென்னந் தோப்புகளும், மீனவர் வாடிகளும் இக்கரையின் அடையாளங்கள். இதன் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகத்தையும் உப்பையும் கோட்டையையும் பற்றியே எழுதினர். அவ்வரலாற்றை வேறொரு வழியாலும் நோக்குதல் கூடும். வெளியிலிருந்து வந்த கருவிகளை இக்கரை மக்கள் எந்த மொழியில் ஏற்றனர்? அக்கருவிகள் யாருக்கு உரியனவாய் இருந்தன? இவ்விரு வினாக்களே அவ்வழி. அவ்வாறு வந்த கருவிகளுள் அண்மைக் காலத்தது கணினி.

கணினி ஒரே பொருளன்று. தாய்ப்பலகை, முறைவழியாக்கி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி என்னும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி ஒரு பெட்டிக்குள் பொருத்த, அது உருவாகின்றது. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பொதுச் சந்தையிற் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே பெரும்பாலும் அமைக்கப்பட்டது. அதனால் பிற நிறுவனங்களும் அதனை ஒத்த கணினிகளைச் செய்யத் தலைப்பட்டன; நாளடைவிற் சிறு கடைக்காரரும், கைத்திறன் வாய்ந்த இளைஞரும் தாமே கணினியைப் பொருத்திக்கொள்ளும் நிலை வந்தது. கொழும்பிலே பம்பலப்பிட்டிக் கடைகளில் வாங்கிய உறுப்புகள், நீர்கொழும்பும் சிலாபமும் கடந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் வீதியிற் பயணஞ்செய்து, புத்தளத்தில் ஒரு மேசைமேல் முழுக் கணினியாகிவிடலாம்.

ஆனால் உறுப்புகள் கூடிவிட்டதனால் மட்டும் கணினி இயங்கிவிடாது. மின்விசையைத் தட்டியவுடன், தாய்ப்பலகையிற் பதிந்துள்ள தொடக்க நிரல் விழித்தெழுந்து, வன்தட்டிலே தன்னை வழிநடத்தும் தலைமை நிரல் ஒன்று உண்டா எனத் தேடும். புதிய வன்தட்டு வெறுமையானது. ஆதலால் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அது தேடும் தலைமை நிரலே பணிசெயல் முறைமை எனப்படுவது. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொணர்வதும், கோப்பை வன்தட்டில் வைத்துக் காப்பதும், பல நிரல்களுக்கிடையே நினைவகத்தைப் பங்கிடுவதும் அதன் தொழில்கள்.

இம்முறைமைகள் இருவகைப்படும். ஒருவகையில், நிரலின் மூலக் குறிமுறை அதனைச் செய்த நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் இருக்கும். வாங்கியவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. மற்றவகை திறந்த மூல முறைமை. அதன் குறிமுறையை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்து அயலாருக்கு வழங்கலாம். டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் முறைமைகள் இவ்வகையின. இவற்றைப் புதுக் கணினியில் நிறுவத் தொடங்குவோர் காணும் முதற் கேள்வி பெயரைப் பற்றியதன்று, கடவுச்சொல்லைப் பற்றியதுமன்று. எந்த மொழியில் உன்னோடு பேசுவது என்பதே அக்கேள்வி. இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். புத்தளக் கரையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது சிறிய கேள்வியன்று.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா இக்கரையில் வந்திறங்கினார். இவ்வூரைப் பத்தாலா என்று தம் பயண நூலிற் குறித்த அவர், இங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதாகவும், அம்மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதாகவும் கூறுகின்றார். வணிகத்தின் பொருட்டு அயல்மொழி அறிவது இக்கரைக்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும். முஸ்லிம் மக்கள் அறபு எழுத்தைக் கற்றபோது, அவ்வெழுத்தினாலேயே தமிழையும் எழுதினர். அறபிலே இல்லாத தமிழ் ஒலிகளுக்கு உள்ள எழுத்துகளிலே புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புது வடிவங்களை ஆக்கினர். அறபுத் தமிழ் என வழங்கும் இம்மரபு, வந்த கருவியைத் தம் மொழிக்கு இசைவித்துக்கொண்ட மக்களின் செயலாகும்.

கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதற்குமான ஊர் விபரத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டித் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக்கினார். இவ்விரண்டும் ஆங்கில நூல்கள். தமிழ்ப் புலவரின் சரிதத்தையும் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த காலம் அது. அரசாங்கத்தின் அறிவுக் கருவிகள் எந்த மொழியிற் பேசினவோ, அந்த மொழியிலேயே அறிஞரும் பேசவேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது இதனினும் ஆழமானது. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட மீனவக் கிராமங்கள் பலவற்றில் முன்னர் தமிழே வீட்டு மொழியாக வழங்கியது. அங்குள்ள பாடசாலைகளிற் போதனாமொழி சிங்களமாகியபோது, ஓரிரு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறிற்று. பாட்டியின் பேச்சைப் பேரப்பிள்ளை முழுதும் விளங்கிக்கொள்ளாத குடும்பங்கள் தோன்றின. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பிலோ, பாடசாலையும் திரௌபதை அம்மன் கோயிலும் மீன்பிடித் துறையும் தமிழோடு இணைந்தே நின்றன; அங்கே மொழியும் நிலைத்தது. ஒரு மொழியை அழிக்கச் சட்டம் வேண்டியதில்லை. பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் கருவி வேறு மொழியிற் பேசினாற் போதும் என்பது இக்கரை தந்த பாடம்.

இனி இரண்டாவது வினா, உரிமை பற்றியது. புத்தளக் களப்பின் ஓரத்தில் வெயிலும் காற்றும் கடல்நீரும் கூடி உப்பு விளைவிக்கின்றன. எனினும் ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயரும் உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். தன் ஊர்க் கரையில் விளைந்த உப்பைத் தானே அள்ளிய குடியானவன் குற்றவாளியாக நிறுத்தப்பட்டான். பொருள் கண்முன்னே கிடக்கின்றது, தொட்டால் குற்றம். தன் கையால் பொருத்திய கணினிக்குள் ஓடும் நிரலைத் திறந்து பார்க்கவும், பிழை கண்டால் திருத்தவும், அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு படி கொடுக்கவும் உரிமையில்லை என்னும் நிலை, இப்பழைய உப்புச் சட்டத்தை நினைவூட்டுவதாகும். மென்பொருளைச் செய்தவர் தம் உழைப்புக்கு விலை கேட்பது தவறன்று. விலை கொடுத்த பின்னரும் பொருள் வாங்கியவனுக்கு உரியதாகாமை பற்றியதே வழக்கு.

இவ்வழக்கை உலக மன்றத்தில் முதலில் எடுத்தவர் அமெரிக்க அறிஞர் றிச்சர்ட் ஸ்டோல்மன். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அது பல்கலைக்கழகங்களிற் பரவி, மாணவர்க்கு நல்ல பாடப்பொருளாயிற்று; பின்னர் வணிகப் பொருளாகி அதன் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1983இல் ஸ்டோல்மன், யுனிக்ஸை ஒத்த ஆனால் யாவர்க்கும் உரிய முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு எனப் பெயரிட்டார். 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம், பெற்றவர் தாம் பெற்ற உரிமையை அடுத்தவருக்கும் குறையாமற் கொடுக்கவேண்டும் என விதித்தது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பகிர்வைக் காத்த அருமை இதிலுண்டு.

குனுவுக்குப் பல உறுப்புகள் அமைந்தன. உயிர்நாடியான கருநிரல் மட்டும் நிறைவுறவில்லை. அக்குறை தீர்ந்த கதை, புதுக் கணினி ஒன்றிலிருந்தே தொடங்குகின்றது. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 386 வகைக் கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதனுடன் வந்த டொஸ் முறைமை அவருக்குப் போதவில்லை. பேராசிரியர் தனென்போம் கற்பித்தலுக்காக ஆக்கிய மினிக்ஸ் முறைமையை வரவழைத்து நிறுவினார். அதுவும் முழுநிறைவு தரவில்லை. ஆகவே தாமே ஒன்றை எழுதலானார். அவ்வாண்டு ஓகஸ்ற் 25ஆம் நாள் அம்முயற்சியை அவர் உலகுக்கு அறிவித்தபோது, அது பொழுதுபோக்காகச் செய்வது, பெரிதாக வளராது என்றே எண்ணினார். 1992இல் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். லினக்ஸ் என்னும் பெயருடன் அது வளர்ந்த வளர்ச்சியை நேயர் அறிவர். இன்று உலகின் மிகப் பெரும் கணிப்பொறிகளும், கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளும் அக்கருநிரலின்மீதே இயங்குகின்றன.

தொடக்க காலத்தில் லினக்ஸை நிறுவுவது எளிதன்று. நெகிழ்வட்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிக்கு ஊட்டவேண்டும். வன்தட்டைப் பகுக்கும்போது ஓர் இலக்கம் பிழைத்தாலும் உள்ளதெல்லாம் அழியும். 1993இல் தோன்றிய டெபியன் முதலிய திட்டங்கள், சிதறிக்கிடந்த நிரல்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தி வழங்கின. 2004இல் தோன்றிய உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் இறுவட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பிற்று. அவ்வழக்கம் 2011 வரை நீடித்தது. விரைவான இணைய இணைப்பில்லாத சிற்றூர்களுக்கு அந்த அஞ்சல் உறை எத்தகைய வாயிலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எனினும், நிறுவுகின்ற வேளையிற் கணினி பேசியது ஆங்கிலமே. தமிழ் பேசாமைக்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது, எழுத்துக் குறியீட்டுக் குழப்பம். ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் இலக்கங்களை வழங்கியமையால், ஒரு கணினியில் எழுதிய மடல் இன்னொன்றிற் பொருளற்ற கோலமாயிற்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் அது எங்கும் வழக்கிற்கு வரப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஒருங்குறியைத் தழுவித் தமிழுக்கான கட்டளையை 2008இல் வெளியிட்டது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. அக்கால நிறுவி நிரல், எழுத்துகளைச் சதுரக் கட்டங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தும் பழைய திரையில் இயங்கியது. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கவேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்னும் ஒழுங்கு இதற்கு இடங்கொடாது. ஆகவே 2007இல் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பிலே, எழுத்தை ஓவியம்போல் வரைந்து காட்டும் நிறுவி சேர்க்கப்பட்டது. அப்பதிப்பை 58 மொழிகளில் நிறுவக்கூடியதாயிருந்தது. அவ்வரிசையில் தமிழும் அமர்ந்தது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர் தம் ஓய்வு நேரத்தில், ஊதியம் கருதாது, வரி வரியாக மொழிபெயர்த்தமையின் பயன் அது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என நாட்டு வழக்குகளைப் பிரித்தறியும் ஏற்பாடும் லினக்ஸில் உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்னும் தலைப்பின்கீழ்ச் சிங்களமும் தமிழும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அக்கரையில் தமிழ்நாட்டு அரசினரும் இவ்வழியிற் சில அடிகள் வைத்தனர். 2006ஐ அடுத்த ஆண்டுகளில் எல்கொட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் முகாமைப் பணிப்பாளராய் இருந்த காலத்தில், தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் போஸ் என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலே, விண்டோஸும் போஸ் லினக்ஸும் ஒரே கணினியில் இடம்பெற்றன. இரண்டு முறைமைகள் ஒருங்கிருக்கையில், ஆசிரியர் எதைத் திறந்து காட்டுகின்றாரோ அதனையே மாணவர் பயில்வர். நிறுவுவதோடு பணி முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

இலங்கையின் பங்கும் குறைந்ததன்று. 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் கலாநிதி சஞ்சீவ வீரவரணவின் முயற்சியால் தோன்றியது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோது, கிழக்கும் தெற்கும் வடக்கும் பட்ட துயருக்குப் புத்தளக் கரை பெரிதும் தப்பியது. அவ்வேளையில் அம்மன்றத்தைச் சார்ந்த தொண்டர் ஒருங்குகூடி, காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றைப் பதிந்து தேட உதவும் சகன என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சகன என்பது நிவாரணத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அம்மென்பொருள் அந்நாடுகளுக்கு உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. குறிமுறை திறந்திருந்தமையாலேயே, ஒரு நாட்டின் துயரிற் பிறந்த கருவி வேறு நாட்டின் துயரைத் துடைக்கச் சென்றது.

சிறியதோர் உதாரணமும் உண்டு. மின்தட்டுப்பாட்டினால் 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை இருமுறை மாற்றியது. 2006 ஏப்பிரலில் பழைய நேரத்துக்கே மீண்டது. உலக நாடுகளின் நேரங்களைத் தொண்டர் பேணிவரும் பொதுத் தரவுத்தளத்தில் அம்மாற்றங்கள் யாவும் பதியப்பட்டுள்ளன. இன்றும் லினக்ஸை நிறுவும்போது, நாடு இலங்கை என்று குறித்தால், கொழும்பு நேரம் தானாகவே அமைகின்றது.

இன்று புதுக் கணினியில் இம்முறைமையை நிறுவுவது ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய செயல். முறைமையின் படிமத்தை இணையத்திலிருந்து இறக்கி, பென் டிரைவ் ஒன்றில் எழுதவேண்டும். அதனைப் புதுக் கணினியிற் செருகி, தொடக்க நிரலின் பட்டியலுக்குட் சென்று, முதலில் அதிலிருந்து தொடங்குமாறு பணிக்கவேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்த காலந்தொட்டு, முத்திரையிட்ட நிரலை மட்டுமே தொடங்கவிடும் காவல் ஒன்று பல கணினிகளில் அமைந்தது. பெரிய லினக்ஸ் முறைமைகள் அக்காவலைக் கடக்க முத்திரை பெற்ற சிறு முன்னிரல் ஒன்றை உடன்கொண்டு வருகின்றன. தாமே பொருத்திய கணினிகளிற் பெரும்பாலும் அக்காவலை நிறுத்திவைக்கவும் இயலும். அதன்பின் மொழி, நாடு, விசைப்பலகை, வன்தட்டுப் பகுப்பு, பயனர் பெயர் என்னும் வரிசையிற் கேள்விகள் வரும். வன்தட்டு வெறுமையானதாயின் அஞ்சவேண்டியதில்லை. பழைய கோப்புகள் உள்ள வன்தட்டாயின், அவற்றுக்கு வேறிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே பகுக்கத் துணியவேண்டும்.

இவ்வளவு எளிதாகிய பின்னும் முதற் கேள்விக்கு ஆங்கிலம் என்றே விடையளிப்போர் பலர். அதற்குக் காரணமும் உண்டு. மொழிபெயர்ப்பு முழுமையுறாத இடங்களிலே தமிழ்த் திரையின் நடுவே ஆங்கில வரிகள் தலைநீட்டும். கலைச்சொற்கள் சில செயற்கையாய் ஒலிக்கும். சென்னையிற் பழகிய சொல் புத்தளத்துக்கு அயலாய்த் தோன்றும். இக்குறைகள் உண்மையானவை. ஆனால் இவை பூட்டிய பெட்டகத்தின் குறைகளல்ல. பிழையான சொல்லைக் கண்ட மாணவன் அதனைத் திருத்தி அனுப்பலாம். ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் உலகெங்குமுள்ள தமிழர் திரையில் அச்சொல்லே தோன்றும்.

புத்தளக் கரைக்கு இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. 1990ஆம் ஆண்டில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தையே அடைந்தனர். வீடும் நிலமும் விட்டு வந்தவர்கள் உடன்கொண்டு வந்த செல்வம் அவர்தம் தமிழ். அவர்களுடைய பிள்ளைகளும், பழம் புத்தளத்துப் பிள்ளைகளும், உடப்புப் பிள்ளைகளும் தமிழ்மொழிப் பாடசாலைகளிற் பயில்கின்றனர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள மொழி, பிள்ளையின் மேசைமீதுள்ள கருவியிலும் இருந்தாலன்றி வாழாது. தெற்கேயுள்ள மீனவக் கிராமங்கள் அதற்குச் சாட்சி.

அறபு எழுத்துக்குப் புள்ளியிட்டுத் தமிழாக்கிக்கொண்ட முன்னோர் எவருடைய அனுமதியையும் கேட்டு நிற்கவில்லை. எழுத்து யாவர்க்கும் பொதுவாயிருந்தது. ஆதலால் அது அவர்களுக்கு இயன்றது. திறந்த மூல முறைமை அத்தகைய பொதுப்பொருள். வெறுமையான புதுக் கணினி முதன்முறை விழித்து எந்த மொழி என்று வினவும்போது, அங்கே தமிழ் என்னும் சொல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றது. அதனைத் தெரிவதும், குறை கண்டவிடத்து நிறைவு செய்வதும் இனி வரும் தலைமுறையின் கையில் உள்ளன.